கேட்சருக்கு மட்டும் வேர்க்காதா?

வெயில் காலத்தில் சாஃப்ட்பால் அம்பயர் கவசம் போட வேண்டியதில்லை. சித்தூர், திருப்பதிப் பக்கத்து மைதானங்களில் நான் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிய இடங்களிலெல்லாம் இது யாரும் கேள்வி கேட்காத கருத்தாக இருக்கிறது. மார்ச் பிறந்ததும் மாஸ்க் பைக்குள் போய்விடுகிறது. தலையில் தொப்பி, கண்ணில் கூலிங் கிளாஸ், கையில் கிளிக்கர். இவ்வளவோடு ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறார் அம்பயர். கேட்டால் வானத்தைக் கை காட்டுகிறார்கள்.

அவர்கள் வாதத்தை முழுப் பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். ராயலசீமாவின் கோடை சாதாரணக் கோடை அல்ல. திருப்பதியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வருடா வருடம் வருகின்றன. சேஷாசலப் பாறைகள் பகலெல்லாம் குடித்த சூட்டை மாலையில் ஊர்மேல் கக்குகின்றன. அம்பயராக நிற்பவர் பெரும்பாலும் ஐம்பதை நெருங்கும் ஒரு பி.இ.டி. மாஸ்டர். பி.பி. மாத்திரை சாப்பிடுபவராகவும் இருக்கலாம். ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டங்களில், பந்துக்குப் பந்து குனிந்து நிமிர வேண்டும். அவர்மேல் ஸ்பாஞ்சு வைத்த கவசத்தை மாட்டினால் மயங்கி விழுவார். வெப்பத் தாக்கு ஆளைக் கொல்லும். பந்து படுவதோ எப்போதோ ஒருமுறை. பள்ளிப் பிள்ளைகள் வீசும் பந்தில் வேகமும் கிடையாது. பயமாக இருந்தால் பிட்சருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளட்டும். இத்தனை வருடமாக இப்படித்தான் நடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. சக மனிதர் வெயிலில் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்கிறார்கள். வெயில் கொல்லும் என்று அவர்கள் சொல்வதும் உண்மை. அந்த உண்மையிலிருந்து ‘ஆகவே மாஸ்க்கைக் கழற்று’ என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நடுவில் இருக்க வேண்டிய படிகள் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கேட்சரை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

அம்பயருக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு பதினைந்து வயதுப் பெண் குந்தியிருக்கிறாள். தலையில் ஹெல்மெட், முகத்தில் மாஸ்க், தொண்டைக்கு ஒரு தடுப்பு, நெஞ்சுக் கவசம், முழங்கால் முதல் பாதம்வரை லெக் கார்டு. விதி அவளுக்கு இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவள் குந்துகிறாள், எழுகிறாள், இரண்டாம் பேஸுக்குப் பந்தை எறிகிறாள், ஃபவுல் பந்தைத் துரத்தி ஓடுகிறாள். அம்பயர் செய்யும் வேலையைவிட அவள் செய்யும் வேலை பல மடங்கு அதிகம். அவள் உடம்பில் உண்டாகும் சூடும் அதிகம்.

வெயிலுக்குக் கவசம் ஆகாது என்ற வாதம் சரியென்றால், முதலில் கழற்ற வேண்டியது அவள் கவசத்தை. அதை எவரும் சொல்வதில்லை. சொன்னால் அவள் அப்பா அம்மா மைதானத்துக்குள் இறங்கிவிடுவார்கள். ஏன்? கவசம் இல்லாமல் அங்கே குந்தினால் பந்து முகத்தில் படும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் முகத்தை நோக்கி வரும் அதே பந்து, ஒரு விரல்கடை மேலே திரும்பினால், அவள் தலைக்கு மேலே தெரியும் அம்பயர் முகத்துக்குத்தான் போகும். அவளிடம் அதைப் பிடிக்கக் கையுறையாவது இருக்கிறது. அம்பயர் கையில் கிளிக்கர்தான் இருக்கிறது.

ஒரு பதில் வரும். கேட்சர் பாதி இன்னிங்ஸ்தான் குந்துகிறாள், அவள் அணி பேட் செய்யும்போது நிழலில் உட்காருகிறாள், அம்பயருக்கு அந்த ஓய்வு கிடையாது என்பார்கள். நியாயமான பதில். ஆனால் இது அம்பயருக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் வாதம். முகத்தைத் திறந்துவைக்கச் சொல்லும் வாதமாக இதை எப்படிப் படிப்பது?

2. வெயிலும் பந்தும் ஒரே வகை ஆபத்து அல்ல.

வெயில் சொல்லிவிட்டு வரும். தலை கனக்கும், கெண்டைக்கால் இழுக்கும், குமட்டும், பேச்சு குழறும். பெரும்பாலும் இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் ஆட்டத்தை நிறுத்தலாம், நிழலுக்குக் கூட்டிப்போகலாம், தண்ணீர் கொடுக்கலாம், ஈரத்துணி போடலாம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிப் புத்தி தடுமாறும் நிலை வந்தாலும், உடனே ஐஸ் தண்ணீரில் குளிர்வித்தால் பிழைக்க வைக்க முடியும். முதலில் குளிர்வி, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஏற்று என்பதுதான் இன்று விளையாட்டு மருத்துவர்கள் கொடுக்கும் அறிவுரை.

பந்து சொல்லிவிட்டு வராது. பேட்டில் உரசிய பந்துக்கும் அம்பயர் முகத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு மீட்டருக்கும் குறைவு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறது. இரண்டு மீட்டரைக் கடக்க அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். மனிதக் கண் பார்த்து, மூளை புரிந்து, தசை அசைவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதாவது விலகுவோம் என்று அம்பயர் நினைக்கத் தொடங்கும் முன்பே பந்து பட்டு முடிந்துவிடும். அனுபவம், சுறுசுறுப்பு, எச்சரிக்கை எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

வெயிலுக்குப் பத்து மாற்று உண்டு. நேரத்தை மாற்றலாம், இடைவேளை விடலாம், ஆளை மாற்றலாம், பந்தல் போடலாம். முகத்துக்கு நேராக வரும் பந்துக்கு மாஸ்க் ஒன்றுதான். பத்து மாற்று இருக்கும் ஆபத்துக்காக, ஒரே மாற்று இருக்கும் ஆபத்தின் அந்த ஒன்றையும் கைவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதி சமனில் முடிந்த டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் பேட் செய்து 210 ரன் எடுத்தார். சென்னைப் புழுக்கத்தில் உடம்பின் நீரெல்லாம் வற்றி, மைதானத்திலேயே வாந்தி எடுத்து, ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு டிரிப்ஸ் ஏற்றப்பட்டார். இதைவிடப் பெரிய வெயில் சாட்சியம் கிரிக்கெட்டில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் சென்னையில் காலுக்குப் பேடு வேண்டாம், அதைக் கழற்றிவிட்டு ஆடுங்கள் என்று ஒருவராவது சொன்னாரா? தண்ணீரையும் உப்பையும் ஐஸையும் பற்றித்தான் யோசித்தார்கள்.

3. ‘பிள்ளைகள் வீசும் பந்துதானே’ என்பது பெயரைப் பார்த்து ஏமாறுவது.

சாஃப்ட்பால் என்ற பெயர்தான் இந்தத் தப்பெண்ணத்தின் வேர். 1887ல் சிகாகோவில் ஜார்ஜ் ஹான்காக் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு பாக்ஸிங் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார்கள். அது மெத்தென்றுதான் இருந்திருக்கும். இன்றைய பந்து அப்படி அல்ல. உள்ளே இறுகிய பாலியூரித்தேன், மேலே தோல், சுற்றளவு 12 அங்குலம், எடை 178 முதல் 198 கிராம்வரை. கிரிக்கெட் பந்து 163 கிராமைத் தாண்டாது. ஆக, மெத்தென்று பெயர் வைத்த பந்துதான் கனமானது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 190 கிராம் பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதில் இருக்கும் இயக்க ஆற்றல், ஒரு கிலோ எடையை நான்கு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கீழே வந்து சேரும் ஆற்றலுக்குச் சமம். மாடி ஜன்னலிலிருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் விழும் இடத்தில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பீர்களா? 72 கிலோமீட்டர் என்பது நன்றாகப் பயிற்சி பெற்ற பள்ளிப் பெண் தொடக்கூடிய வேகம். உலகத் தரப் பெண் பிட்சர்கள் 43 அடி தூரத்திலிருந்து மணிக்கு 110 கிலோமீட்டரை எட்டுகிறார்கள். அந்த வேகத்தில் இதே ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். பேட்டில் லேசாக உரசும் பந்து வேகத்தை அதிகம் இழப்பதும் இல்லை. திசையை மட்டும் மாற்றிக்கொள்கிறது.

நெஞ்சைப் பற்றி இன்னும் கவலையான ஒரு செய்தி இருக்கிறது. இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில், சில மில்லி நொடிகளே நீடிக்கும் ஒரு இடைவெளியில், நெஞ்சின்மேல் அடி விழுந்தால் ஆரோக்கியமான இதயமும் தாளம் தப்பி நின்றுபோகலாம். எலும்பு முறிந்திருக்காது, ரத்தம் வந்திருக்காது, ஆள் சரிந்துவிடுவார். அமெரிக்க மருத்துவர்கள் விலங்குகளில் இதைச் சோதித்தபோது, மணிக்கு 64 கிலோமீட்டர் அளவிலான பந்து வேகத்தில்தான் இந்த அபாயம் உச்சத்தில் இருந்தது. அதற்கு மேல் வேகம் போனபோது இந்த வகை அபாயம் குறையக்கூடச் செய்தது. மெதுவான பந்து பத்திரமான பந்து என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த விபத்து இளைஞர்களையே அதிகம் தாக்குகிறது. ஆள் பற்றாதபோது நாம் அம்பயராக நிறுத்துவது யாரை? கல்லூரி மாணவர்களைத்தானே? சாதாரண நெஞ்சுக் கவசம் இதை முற்றிலும் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் அமெரிக்காவில் இதற்கென்றே தனித் தரநிலை எழுதிக் கவசத்தைத் திருத்தினார்கள். கவசம் போதவில்லை என்று தெரிந்த இடத்தில் இன்னும் நல்ல கவசத்தைத் தேடினார்கள்.

4. கவசம் எவ்வளவு உடம்பை மூடுகிறது என்று அளந்து பார்த்தீர்களா?

கவசம் போட்டால் வெந்துவிடுவோம் என்று சொல்கிறார்கள், அளந்து சொல்வதில்லை. தீக்காய மருத்துவர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. உடம்பின் மேற்பரப்பை ஒன்பது ஒன்பது சதவீதமாகப் பிரிப்பார்கள். உடலின் முன்பக்கம், நெஞ்சும் வயிறும் சேர்த்து, 18. ஒரு கால் முழுவதும் முன்னும் பின்னுமாக 18. அம்பயரின் நெஞ்சுக் கவசம் முன்பக்கத்தில் முக்கால்வாசியை மூடலாம். லெக் கார்டு முழங்காலுக்குக் கீழே, அதிலும் முன்பக்கத்தை மட்டும் மூடுகிறது. எல்லாம் கூட்டினால் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். முதுகு திறந்திருக்கிறது, தொடை திறந்திருக்கிறது, கை திறந்திருக்கிறது. மாஸ்க் என்பது கம்பிக் கூண்டு. அதற்குள் காற்று போய்வருகிறது. இன்னிங்ஸ் முடிந்ததும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம்.

கவசம் சூடே தராது என்று நான் சொல்லவில்லை. தரும். சித்தூரின் வறண்ட மத்தியானத்தில் வேர்வை காற்றில் உலர்வதால்தான் உடம்பு தாக்குப்பிடிக்கிறது. ஸ்பாஞ்சு மூடிய இடத்தில் அது நடக்காது. ஆனால் அந்த மைதானத்தில் அம்பயரை வாட்டுபவற்றை வரிசைப்படுத்துங்கள். உச்சி வெயில், நிழலே இல்லாத செம்மண் தரை, அடர் நிறச் சட்டை, கெட்டித் துணிப் பேன்ட், தொடர்ச்சியாக நான்கு ஆட்டம், காலி வாட்டர் கேன். கவசம் இந்த வரிசையின் கடைசியில் வருகிறது. முதல் ஆறையும் தொடாமல் ஏழாவதை மட்டும் பிடுங்கி எறிவதற்குப் பெயர் வெப்பப் பாதுகாப்பா? சட்டையின் நிறத்தை மாற்றுங்கள். அகல விளிம்பில்லாவிட்டாலும் வெள்ளைத் தொப்பி கொடுங்கள். துணியை மெல்லியதாக்குங்கள். இவற்றில் எதைக் குறைத்தாலும் அம்பயரின் பல் போகாது.

5. பிட்சருக்குப் பின்னால் போனால் பந்து துரத்தி வரும்.

அம்பயரை இடம் மாற்றிவிட்டால் கவசம் தேவைப்படாது என்கிறார்கள். பிட்சருக்குப் பின்னால் நிற்கும் இடம் எது? பேட்டிலிருந்து நேராக அடிக்கும் பந்து வரும் வழி. கேட்சருக்குப் பின்னால் நின்றபோது முன்னால் ஒரு கேட்சர் பாதி மறைப்பாக இருந்தாள். இங்கே பிட்சர் குனிந்துவிட்டால் பந்துக்கும் அம்பயருக்கும் நடுவே ஒன்றுமில்லை.

இது வெறும் கற்பனைப் பயமில்லை. 2014 டிசம்பரில் திண்டுக்கல்லில் தமிழ்நாட்டுக்கும் பஞ்சாபுக்கும் நடந்த ரஞ்சி ஆட்டத்தில், ஆஸ்திரேலிய அம்பயர் ஜான் வார்ட் பந்து வீசும் முனையில் நின்றுகொண்டிருந்தார். பஞ்சாப் பேட்டர் நேராக ஓங்கி அடித்த பந்து அவர் தலையில் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கிரிக்கெட்டில் அம்பயருக்கும் பேட்டருக்கும் நடுவே சுமார் 20 மீட்டர் தூரம் உண்டு. சாஃப்ட்பாலில் பிட்சிங் தட்டு பேட்டரிலிருந்து 13 மீட்டர். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று அடி வைத்து நின்றாலும் 15 மீட்டர் தேறாது. 20 மீட்டரில் விலக முடியாத பந்தை 15 மீட்டரில் விலகிவிடலாம் என்பது என்ன நம்பிக்கை?

வார்ட் அதன்பிறகு என்ன செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம். 2016 ஜனவரியில், ஆஸ்திரேலியக் கோடையின் நடுவில், கான்பெராவில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஒருநாள் ஆட்டத்துக்கு ஹெல்மெட்டோடு வந்து நின்றார். வெயிலைக் காரணம் காட்டத் தகுதியான ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவர் காட்டவில்லை. அடி எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிட்சருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பந்து பிளேட்டின் எந்த இடத்தில், எந்த உயரத்தில் கடந்தது என்பது சரியாகத் தெரியாது. ஸ்ட்ரைக்கா பாலா என்பது ஊகமாகிவிடும். இடம் மாற்றியதில் பத்திரமும் கிடைக்கவில்லை, தீர்ப்பும் கெட்டது.

6. ‘இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே.’

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ராமன் லாம்பா நினைவு வருகிறது. 1998 பிப்ரவரி, டாக்கா, உள்ளூர் லீக் ஆட்டம். ஓவர் முடிய மூன்று பந்து இருக்கும்போது அவரை ஷார்ட் லெக்கில் நிறுத்தினார்கள். ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்று பந்துதானே என்று வேண்டாமென்றுவிட்டார். அடித்த பந்து நெற்றியில் பட்டது. மூன்று நாளில் இறந்துபோனார். இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர், அயர்லாந்திலும் டாக்காவிலும் ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழகியவர். அதுவரை அவருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அம்பயர்களும் தப்பவில்லை. 2014 நவம்பர் 27ல் ஆஸ்திரேலிய பேட்டர் பிலிப் ஹியூஸ் பந்து பட்டு இறந்தார். உலகமே அந்தத் துக்கத்தில் இருக்கும்போது, இரண்டே நாளில், இஸ்ரேலின் அஷ்தோதில் ஹில்லெல் ஆஸ்கர் என்ற அம்பயர் பந்து பட்டு இறந்தார். 2016 டிசம்பரில் மும்பை வான்கடேயில், பவுண்டரிப் பக்கமிருந்து புவனேஷ்வர் குமார் எறிந்த பந்து ஸ்கொயர் லெக்கில் நின்ற அம்பயர் பால் ரைஃபலின் பின்தலையில் பட்டது. அந்த டெஸ்டில் அவர் தொடரவில்லை. பேட்டரிடமிருந்து வரும் பந்துகூட அல்ல, ஃபீல்டர் திருப்பி எறிந்த பந்து.

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி. எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? ஸ்கோர் ஷீட்டில் ரன் எழுத இடம் இருக்கிறது, அம்பயர் மூக்கில் ரத்தம் வந்ததை எழுத இடம் இல்லை. சில வருடம் முன்பு, ஒரு மாவட்ட ஆட்டத்தில், என் கண் முன்னால் ஒரு மாஸ்டரின் தாடையில் ஃபவுல் டிப் பட்டது. கைக்குட்டையில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு இன்னிங்ஸ் நின்றார். மறுநாள் அவர் வரவில்லை, வேறொருவர் வந்தார், மாஸ்க் இல்லாமல். அன்றைய ஸ்கோர் ஷீட்டை எழுதியவன் நான். அதில் அந்த அடியைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு இருக்கிறது, கை கால் சேர்ந்துவிடும் என்று ஒரு தைரியம் உண்டு. புத்தூரில் கண்ணுக்குக் கட்டு போடுவதில்லை.

7. ‘அவரவர் இஷ்டம்’ என்று விட்டுவிட முடியாது.

பெரியவர், அனுபவசாலி, போடுவதும் விடுவதும் அவர் விருப்பம் என்கிறார்கள். பள்ளி ஆட்டத்துக்கு வரும் அம்பயர் விருப்பப்பட்டு வருபவரா? ஆர்டர் வந்தால் ஓ.டி.யில் வந்து நிற்கும் அரசு ஊழியர். கிட் பையில் மாஸ்க் இல்லையென்றால் ஆட்டத்தை நடத்த மாட்டேன் என்று சொல்லும் தெம்பு அவருக்கு ஏது? நூறு பிள்ளைகள் பஸ் ஏறி வந்து காத்திருக்கும்போது அவர் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார். அந்தப் பரவாயில்லையை அவர் விருப்பம் என்று எழுதிக்கொள்வது போட்டி நடத்துகிறவர்களுக்கு வசதி.

அவர் விருப்பம் அவரோடு முடிவதும் இல்லை. மாஸ்க் இல்லாத அம்பயர் இரண்டு அடி பின்னால் நிற்கிறார். பேட் சுழலும் கணத்தில் கண்ணைச் சிமிட்டுகிறார், முகத்தைத் திருப்புகிறார். திருப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம், உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அந்தக் கணத்தை அவர் பார்க்கவில்லை. குப்பத்திலிருந்தோ சத்தியவேட்டிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வந்த ஒரு பெண், பார்க்கப்படாத ஒரு பந்துக்கு ஸ்ட்ரைக் அவுட் ஆகி வெளியே போகிறாள். மாவட்ட அணித் தேர்வு அந்த ஒரு பந்தில் போயிருக்கலாம்.

காசு பற்றிய பேச்சை நான் நீட்டப்போவதில்லை. மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்கிறார்கள், நம் ஊர்க் கடைகளில் சொல்லிவைத்தால் வந்துவிடும். மைதானத்துக்கு ஒரு செட் போதும், பல வருடம் உழைக்கும். விருந்தினருக்குச் சால்வையும் கேடயமும் வாங்கும் போட்டியில் மாஸ்க் வாங்கப் பணமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

வெயிலை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கவசம் போடு என்று மட்டும் சொன்னால் நானும் ஒரு மாஸ்டரை மயங்கி விழ வைத்தவன் ஆவேன். பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. வருடா வருடம் மார்ச் நடுவில் ஆந்திரப் பள்ளிகளில் அரைநாள் வகுப்பு தொடங்குகிறது. ‘ஒண்டிபூட்ட படுலு’ என்று தெலுங்கில் சொல்லும் ஏற்பாடு. காலையில் சீக்கிரம் மணி அடிக்கிறது, மத்தியானச் சாப்பாட்டோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். வெயில் வந்ததும் அரசு மாற்றியது மணியை. வகுப்பறைக்குள் ஐம்பது பிள்ளைகளுக்கு இந்த நியாயம் உண்டென்றால், அதே பள்ளி மைதானத்தில் மட்டும் ஏன் மத்தியானம் ஒரு மணிக்குக் கால் இறுதி ஆட்டம் நடக்கிறது?

திருமலையைப் பாருங்கள். கோடையில் மாட வீதிகளில் வெறுங்காலோடு நடக்கும் பக்தர்களுக்காக தேவஸ்தானம் தரையில் வெள்ளைக் குளிர்பெயின்ட் அடிக்கிறது, கயிற்றுப் பாய் விரிக்கிறது, பந்தல் போடுகிறது, மோர் கொடுக்கிறது. நடப்பவரின் விரதத்தை மாற்றாமல் நடக்கும் இடத்தை மாற்றுகிறார்கள்.

விளையாட்டு உலகிலும் இந்தப் பாடம் பெரிய விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 2001 ஆகஸ்டில் கோரி ஸ்ட்ரிங்கர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், வயது 27, பயிற்சி முகாமில் வெப்பத் தாக்கில் இறந்தார். அந்த ஆட்டத்தின் ஹெல்மெட்டும் தோள் கவசமும் நம் அம்பயர் கவசத்தைவிடப் பல மடங்கு கனம். 2003 முதல் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் பருவத்தின் முதல் சில நாட்கள் உடம்பை வெயிலுக்குப் பழக்க ஒதுக்கப்பட்டன. முதலில் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள் கவசம், கடைசியில் முழுக் கவசம். கவசத்தைக் கழற்றிவிட்டு முழு வேகத்தில் மோதிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. நம் மைதானங்களில் நடப்பது அதுதான். கவசம் போய்விட்டது, பந்து அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். டிசம்பருக்குப் பிறகு மைதானம் இறங்காத ஒருவரை ஏப்ரலில் திடீரென்று நாள் முழுக்க நிறுத்தக் கூடாது. ஒரு அம்பயர் ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் பிளேட்டில் நிற்கக் கூடாது, இரண்டும் அடுத்தடுத்து வரக் கூடாது. மற்ற நேரம் அவர் பேஸ் அம்பயராக இருக்கலாம், நிழலில் ஸ்கோர் எழுதலாம். பி.பி. மாத்திரைகளில் சில உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும். அவற்றைச் சாப்பிடுபவரை உச்சி வெயிலில் நிறுத்தவே வேண்டாம். கால்பந்தில் வெயில், காற்றின் ஈரம், வெப்பம் மூன்றையும் சேர்த்து அளக்கும் அளவு 32 டிகிரியைத் தொட்டால் தண்ணீர் இடைவேளை விடுகிறார்கள். நமக்கு அந்தக் கருவி இல்லாவிட்டாலும் கடிகாரம் இருக்கிறது. இரண்டு இன்னிங்ஸுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், எல்லோருக்கும், கேட்சருக்கும் சேர்த்து. ஒரு தொட்டியில் தண்ணீரும் ஐஸ் பெட்டியும் மைதான ஓரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் மாஸ்க் போட முடியாத அளவுக்கு வெயில் அடிக்கிறதா? அப்படியென்றால் ஆட்டம் நடத்த முடியாத அளவுக்கு வெயில் அடிக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிழலுக்குப் போங்கள், மாலை நான்கரைக்கு மறுபடி தொடங்குங்கள்.

போட்டி அட்டவணை எழுதும் மாஸ்டர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பதினொன்றிலிருந்து நான்குவரை உள்ள கட்டங்களைக் காலியாக விடுங்கள். பிளேட் அம்பயரின் முகத்தில் மாஸ்க்கும் நெஞ்சில் கவசமும் காலில் கார்டும் ஏறும்வரை ‘பிளே பால்’ சொல்ல விடாதீர்கள். அம்பயராக நிற்கப்போகிறவர் நீங்களே என்றால், ஒருமுறை முன்னால் குந்தியிருக்கும் அந்தப் பெண்ணைப் பாருங்கள். அவள் போட்டிருக்கிறாள்.